சாஹேல் பகுதியின் ஜிஹாதி கிளர்ச்சி: வெளிநாடுகள் செய்ததும் செய்யத் தவறியதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேற்கு ஆப்பிரிக்காவின் சாஹேல் பகுதி தமிழ்ச் செய்திகளில் எப்போதாவதுதான் தலைகாட்டுகிறது. ஒரு நாள் ராணுவப் புரட்சி, இன்னொரு நாள் கடத்தல், மற்றொரு நாள் ஒரு கிராமத்தில் நூறு பேர் கொலை. முன்னும் பின்னும் தெரியாமல் படிக்கும்போது எல்லாம் ஒன்றுபோலவே தோன்றும். பதினைந்து ஆண்டுக் கதையைக் கோத்துச் சொன்னால்தான் யார் என்ன செய்தார்கள், ஏன் பலிக்கவில்லை என்பது பிடிபடும். அடிக்கடி எழும் கேள்விகளுக்குத் தெரிந்தவரை பதில் இங்கே.

சாஹேல் என்றால் எந்தப் பகுதி?

சஹாரா பாலைவனம் முடிந்து புல்வெளி தொடங்கும் நீண்ட பட்டை. அரபு மொழியில் 'சாஹில்' என்றால் கரை. பாலைவனத்தைக் கடலாகப் பார்த்தவர்கள் வைத்த பெயர் அது. அட்லாண்டிக்கிலிருந்து செங்கடல் வரை போகும் இந்தப் பட்டையில் நாம் பேசப்போவது மாலி, புர்கினா ஃபாசோ, நைஜர் ஆகிய மூன்று நாடுகளைப் பற்றி. மூன்றும் பிரான்ஸின் காலனிகளாக இருந்து 1960-ல் விடுதலை பெற்றவை. நைஜர் வேறு, அதற்குத் தெற்கே உள்ள நைஜீரியா வேறு. மூன்றின் பரப்பையும் கூட்டினால் சுமார் 27.8 லட்சம் சதுர கிலோமீட்டர் வரும். உலகப் பயங்கரவாதக் குறியீட்டின் 2025 அறிக்கைப்படி, அதற்கு முந்தைய ஆண்டில் உலகெங்கும் பயங்கரவாதத்துக்குப் பலியானவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் சாஹேலில் இறந்தவர்கள்.

'ஜிஹாதி' என்று சொல்வது ஒரு மதத்தையே குற்றம் சொல்வதாகாதா?

நியாயமான கேள்வி. இந்த மூன்று நாடுகளிலும் பெரும்பான்மையினர் முஸ்லிம்கள். கொல்லப்படுவோரிலும் பெரும்பாலோர் முஸ்லிம்கள். 2012-ல் திம்புக்டு நகரைப் பிடித்த ஆயுதக் குழுக்கள் முதலில் கடப்பாரை வைத்தது சூஃபி மகான்களின் அடக்கத் தலங்களில்தான். தலைமுறை தலைமுறையாக ஊர்மக்கள் தொழுது வந்த இடங்கள் அவை. அந்த இடிப்பை முன்னின்று நடத்திய அஹமது அல் ஃபகி அல் மஹ்திக்குச் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் 2016-ல் ஒன்பது ஆண்டுச் சிறை விதித்தது. தங்கள் போரை ஜிஹாத் என்று அந்தக் குழுக்களே அழைத்துக்கொள்வதால் அவர்களைக் குறிக்க மட்டும் இந்தச் சொல்லை இங்கே பயன்படுத்துகிறேன்.

இது எப்படித் தொடங்கியது?

அல்ஜீரிய உள்நாட்டுப் போரில் மிஞ்சிய ஒரு குழு தெற்கே சஹாராவுக்குள் ஒதுங்கியது. 2007-ல் அது அல்காய்தாவின் மக்ரெப் (வடமேற்கு ஆப்பிரிக்கா) கிளை என்று பெயர் மாற்றிக்கொண்டது. கடத்தலும் பிணைத்தொகையும் அதன் வருமானம். ஆனாலும் 2011 வரை அது பாலைவனத்தில் திரிந்த ஒரு சிறு கூட்டம்தான்.

2011-ல் லிபியாவில் நேட்டோவின் வான் தாக்குதல் துணையோடு கடாஃபி ஆட்சி கவிழ்ந்தது. அவரது படையில் இருந்த, சஹாராவின் நாடோடி இனமான துவாரெக் வீரர்கள் ஆயுதங்களோடு மாலிக்குத் திரும்பினார்கள். லிபியாவைத் தாக்கத் திட்டமிட்டவர்கள் அதன் தெற்கு எல்லைக்கு அப்பால் என்ன நடக்கும் என்று யோசித்ததாகத் தெரியவில்லை. 2012 ஜனவரியில் துவாரெக் பிரிவினைக் கிளர்ச்சி வெடித்தது. மார்ச்சில், போரைச் சரியாக நடத்தவில்லை என்று சொல்லி மாலி ராணுவத்தின் ஒரு கேப்டன், அமாடு சனோகோ, ஆட்சியைக் கவிழ்த்தார். அந்தக் குழப்பத்தில் வடக்கின் முக்கிய நகரங்களான கிடால், காவோ, திம்புக்டு மூன்றும் கைநழுவின. ஏப்ரலில் பிரிவினைவாதிகள் 'அசவாத்' என்ற தனிநாட்டை அறிவித்தார்கள். ஆனால் சில மாதங்களிலேயே இயாத் அக் காலியின் அன்சார் தீன் குழுவும் அல்காய்தா கிளைகளும் அவர்களைத் துரத்திவிட்டு நகரங்களைத் தமதாக்கின.

2013-ல் பிரான்ஸ் தலையிட்டது தவறா?

அந்த முதல் சில வாரங்களைத் தவறென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஜனவரி 10 அன்று ஜிஹாதிகள் கொன்னா என்ற ஊரைப் பிடித்தார்கள். அதற்குத் தெற்கே செவாரே விமானதளம், அதைத் தாண்டினால் தலைநகர் பமாகோவுக்குப் போகும் சாலை. மாலியின் இடைக்கால அதிபர் உதவி கேட்டார், மறுநாளே பிரெஞ்சு விமானங்கள் வந்தன. 'செர்வால்' என்று பெயரிட்ட அந்த நடவடிக்கையில் மூன்றே வாரத்தில் திம்புக்டு மீண்டது. தகரப் பெட்டிகளில் அடைத்து வண்டியிலும் படகிலும் ரகசியமாகத் தெற்கே கடத்தப்பட்டிருந்த அந்நகரின் பழைய கையெழுத்துச் சுவடிகள் தப்பின. பிப்ரவரி 2 அன்று பிரெஞ்சு அதிபர் பிரான்சுவா ஒல்லாந்து திம்புக்டு போனபோது மக்கள் பிரெஞ்சுக் கொடியை அசைத்து ஆடினார்கள். தன் அரசியல் வாழ்வின் மிக முக்கியமான நாள் அது என்று அவர் சொன்னார்.

ஒன்பது ஆண்டுகள் கழித்து, 2022 ஆகஸ்டில் கடைசி பிரெஞ்சு வீரன் மாலியை விட்டுப் போனபோது பமாகோ தெருக்களில் ரஷ்யக் கொடி பறந்தது.

அந்த ஒன்பது ஆண்டுகளில் என்னதான் கெட்டுப்போனது?

முதல் விரிசல் கிடாலில் விழுந்தது. மற்ற நகரங்களை மாலி ராணுவத்திடம் ஒப்படைத்த பிரான்ஸ், கிடாலில் மட்டும் துவாரெக் பிரிவினைவாதிகளோடு கைகோத்தது. ஜிஹாதிகளை வேட்டையாட அவர்களின் பாலைவன அறிவு தேவைப்பட்டது. மாலி மக்களோ 'நம் நாட்டைப் பங்குபோட வந்தார்கள்' என்று பார்த்தார்கள். அந்தச் சந்தேகம் பிறகு விலகவே இல்லை.

2014 ஆகஸ்டில் செர்வால் முடிந்து 'பர்கான்' தொடங்கியது. தலைமையகம் சாட் நாட்டின் தலைநகரான இன்ஜமேனாவில். இம்முறை ஐந்து நாடுகள் களம், உச்சத்தில் சுமார் 5,100 வீரர்கள். மேலே சொன்ன மூன்று நாடுகளின் பரப்புக்கு மட்டும் பங்கிட்டாலும் ஒரு வீரனுக்கு ஐநூறு சதுர கிலோமீட்டருக்கு மேல் வருகிறது. இவ்வளவு பெரிய நிலத்தை இவ்வளவு சிறிய படையால் காக்க முடியாது. தேடிப் பிடித்துக் கொல்ல மட்டுமே முடியும். கொன்றார்கள்: அல்காய்தா மக்ரெப் கிளையின் தலைவர் அப்துல்மாலிக் துரூக்தெல் 2020-ல், இஸ்லாமிய அரசு (ஐஎஸ்) அமைப்பின் சாஹேல் தலைவர் அத்னான் அபு வாலித் அல் சஹ்ராவி 2021-ல். இரு முறையும் பாரிஸ் வெற்றியை அறிவித்தது. இரு முறையும் இன்னொருவர் அந்த இடத்துக்கு வந்தார். அதற்குள் 2017-லேயே நான்கு குழுக்கள் ஒன்றுசேர்ந்து, இயாத் அக் காலி தலைமையில் ஜேஎன்ஐஎம் என்ற பெரும் கூட்டணியாகிவிட்டன. போர் வடக்கின் பாலைவனத்திலிருந்து மத்திய மாலிக்கும், அங்கிருந்து புர்கினா ஃபாசோவுக்கும் நைஜருக்கும் இறங்கிவிட்டது.

2021 ஜனவரி 3 அன்று பவுன்டி என்ற கிராமத்தருகே பிரெஞ்சு விமானங்கள் குண்டு போட்டன. அங்கே நடந்தது திருமண விருந்து, இறந்த 22 பேரில் 19 பேர் பொதுமக்கள் என்று ஐநா விசாரணை சொன்னது. பிரான்ஸ் இன்றுவரை ஏற்கவில்லை. உண்மையை ஒப்புக்கொண்டு இழப்பீடு தந்திருந்தால் பிரான்ஸ் மேல் கொஞ்சமாவது நம்பிக்கை மிஞ்சியிருக்கும் என்றே நினைக்கிறேன்.

உள்ளூர் இளைஞர்கள் ஏன் இந்தக் குழுக்களில் சேர்கிறார்கள்?

எல்லாக் கேள்விகளிலும் முக்கியமானது இதுதான். வெளிநாட்டுத் தலைநகரங்களில் மிகக் குறைவாகக் கேட்கப்பட்டதும் இதுதான்.

மத்திய மாலியில் நைஜர் ஆறு பல கிளைகளாகப் பிரிந்து ஒரு பெரும் உள்நாட்டு டெல்டாவை உண்டாக்குகிறது. வெள்ளம் வடியும்போது அங்கே 'பூர்கூ' என்ற நீர்ப்புல் மண்டிக்கிடக்கும். சுற்றுவட்டாரமெல்லாம் காய்ந்து கிடக்கும் மாதங்களில் மாடுகளுக்கு உயிர் அதுதான். அந்தப் புல்வெளிக்குள் எந்தக் கிடை முதலில் இறங்கும், எது பின்னால் இறங்கும் என்ற வரிசையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் மாசினா பேரரசு வகுத்து வைத்தது. புல்வெளிக்குப் பொறுப்பான பரம்பரைத் தலைவருக்கு 'ஜோரோ' என்று பெயர். உள்ளே வரும், மாடு மேய்க்கும் ஃபுலானி இனத்தைச் சேர்ந்த வெளியூர் மேய்ப்பர் அவருக்குக் கட்டணம் செலுத்த வேண்டும். காலப்போக்கில் அந்தக் கட்டணம் ஏறிக்கொண்டே போனது. வறட்சியால் கூட்டம் கூடியது, நெல் வயல்கள் புல்வெளியைத் தின்றன. தகராறு வந்து நீதிமன்றத்துக்குப் போனால் கையில் காசு உள்ளவர் பக்கம் தீர்ப்பு. வனக்காவலர் பிடித்தால் அபராதம், அபராதத்துக்கு ரசீது கிடையாது.

இந்த இடத்தில்தான் அமாடு கூஃபா நுழைகிறார். ஃபுலானி மொழியில் பிரசங்கம் செய்பவர். அவரது ஒலிநாடாக்கள் ஊர் ஊராகச் சுற்றின. புல் கடவுளுடையது, அதற்கு யாரும் காசு வாங்கக் கூடாது என்றார். அவரது 'மாசினா கத்தீபா' என்ற ஆயுதப் படையின் ஆட்கள் கட்டணத்தைக் குறைக்கவோ நிறுத்தவோ வைத்தார்கள். மாட்டுத் திருட்டைத் தண்டித்தார்கள். காதி (இஸ்லாமிய நீதிபதி) ஒருவர் மரத்தடியில் உட்கார்ந்து நிலத் தகராறை ஒரே நாளில் தீர்த்தார். கூடவே பள்ளிகளை மூடினார்கள், பெண்களை ஒடுக்கினார்கள், எதிர்த்த ஊர்த் தலைவர்களைக் கொன்றார்கள். மேய்ப்பனின் கணக்கில் இரண்டும் இருந்தன. அரசின் பக்கம் அவன் எழுதிவைக்க எதுவும் இருக்கவில்லை.

ஐநா வளர்ச்சித் திட்டம் ஆப்பிரிக்க நாடுகளில் இத்தகைய குழுக்களில் தாமாகச் சேர்ந்த சுமார் 500 பேரிடம் நேரில் பேசி 2017-ல் ஓர் ஆய்வை வெளியிட்டது. கடைசியாகத் தங்களைத் தள்ளிவிட்டது அரசின் செயல்தான் என்று அவர்களில் 71 சதவீதம் பேர் சொன்னார்கள். உறவினரோ நண்பரோ அரசப் படையால் கொல்லப்பட்டது அல்லது கைதானது அதில் அடங்கும். ராணுவத்துக்குப் பயிற்சி தரப் புறப்பட்ட ஒவ்வொரு வெளிநாட்டு அதிகாரியின் மேசையிலும் அந்த எண் இருந்திருக்க வேண்டும்.

இது ஃபுலானி இனத்தின் கிளர்ச்சி என்று சொல்கிறார்களே?

அப்படிச் சொன்னதுதான் பல உயிர்களைப் பறித்தது. கூஃபா ஃபுலானி மக்களிடம் ஆள் சேர்த்ததால் ஃபுலானி அனைவரும் சந்தேகத்துக்குள்ளானார்கள். 2019 மார்ச் 23 அன்று ஒகொசாகு என்ற ஃபுலானி கிராமத்தில் சுமார் 160 பேர் கொல்லப்பட்டார்கள். டோகோன் இனத்தின் வேட்டைக்காரப் படை மேல் குற்றம் சாட்டப்பட்டது. அந்தப் படையை அரசு பொறுத்துக்கொண்டது, வெளிநாடுகளும் அழுத்திக் கேட்கவில்லை. புர்கினா ஃபாசோவில் அரசே ஊர்மக்களுக்கு ஆயுதம் கொடுத்துத் தன்னார்வலர் படை அமைத்தது, அங்கும் அதே கதை. டோகோன் விவசாயிகளும் ஜிஹாதிகளால் எரிக்கப்பட்டார்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

ஐநா அமைதிப்படை என்ன செய்தது?

மினுஸ்மா என்ற அந்தப் படை 2013-ல் பாதுகாப்பு அவையின் 2100-ஆம் தீர்மானத்தால் உருவானது. காப்பாற்றுவதற்கு அமைதியே இல்லாத இடத்துக்கு அனுப்பப்பட்ட அமைதிப்படை அது. பத்து ஆண்டுகளில் 300-க்கு மேற்பட்ட வீரர்கள் இறந்தார்கள், பலர் சாலையோரக் கண்ணிவெடிகளில். ஐநா வரலாற்றில் மிக ஆபத்தான பணிகளில் ஒன்று. அதன் முகாம்களைச் சுற்றிய ஊர்கள் ஓரளவு நிம்மதியாக இருந்தன, மனித உரிமைப் பிரிவு கொலைகளைப் பதிவு செய்தது. அந்தப் பதிவுதான் மாலி ராணுவ ஆட்சிக்குக் கசந்தது. 2023 ஜூனில் அது வெளியேறச் சொன்னது. ஆண்டு முடிவதற்குள் படை கிளம்பிவிட்டது.

மேற்கு நாடுகள் பயிற்சி கொடுத்த ராணுவங்களே ஆட்சியைக் கவிழ்த்தது எப்படி?

2012-ல் கவிழ்த்த சனோகோ அமெரிக்காவில் பலமுறை பயிற்சி பெற்றவர். மாலியில் 2020-லும் 2021-லும் கவிழ்த்த அசிமி கொய்தா, 2022 ஜனவரியில் புர்கினா ஃபாசோவில் கவிழ்த்த தமீபா ஆகியோரும் அமெரிக்கப் பயிற்சிகளில் பங்கேற்றவர்கள். 2022 செப்டம்பரில் தமீபாவையும் தள்ளிவிட்டு இப்ராஹிம் திராவோரே வந்தார். 2023 ஜூலை 26 அன்று நைஜரில் அதிபர் முகமது பசூமை அவரது சொந்தக் காவற்படைத் தலைவர் அப்துர்ரஹ்மான் தியானியே சிறைவைத்தார்.

பயிற்சி புரட்சியைக் கற்றுக்கொடுத்தது என்று சொல்வது மிகை. ஆனால் ஒரு நாட்டின் நீதிமன்றம், வரி, பள்ளி, மருத்துவமனை எல்லாம் நலிந்து கிடக்க, ராணுவம் ஒன்றுக்கு மட்டும் பத்தாண்டு ஊட்டம் கொடுத்தால் அந்த நாட்டில் வலுவான ஒரே அமைப்பு எதுவாக இருக்கும்? இதை முன்கூட்டியே யோசித்திருக்கலாம். கூடவே, முன்னணியில் இருந்த சிப்பாய்களின் கோபமும் உண்மையானது. 2019 டிசம்பரில் நைஜரின் இனாத்தெஸ் முகாமில் ஒரே தாக்குதலில் 71 வீரர்கள் இறந்தார்கள். 2021 நவம்பரில் புர்கினா ஃபாசோவின் இனாத்தாவில் தாக்கப்பட்ட துணை ராணுவத்தினர், உணவு வராததால் வேட்டையாடித் தின்றுகொண்டிருந்தார்கள். அந்தச் செய்தி நாட்டையே உலுக்கியது. இரண்டு மாதத்தில் ஆட்சி விழுந்தது.

எகோவாஸ் கூட்டமைப்பு ஏன் தடுக்க முடியவில்லை?

மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் பொருளாதாரக் கூட்டமைப்பான எகோவாஸ், நைஜர் விஷயத்தில் படையெடுப்போம் என்று மிரட்டியது. எல்லையை மூடியது, வங்கிப் பரிமாற்றத்தை முடக்கியது. நைஜரின் மின்சாரத்தில் பெரும்பகுதி நைஜீரியாவிலிருந்து வந்தது, அதுவும் நின்றது. நைஜரின் தலைநகர் நியாமியில் இருட்டில் தவித்தது சாதாரணக் குடும்பங்கள். தியானிக்கு ஆதரவு கூடியது. மிரட்டிய படை வரவேயில்லை.

மூன்று ராணுவ ஆட்சிகளும் 2023 செப்டம்பரில் சாஹேல் நாடுகளின் கூட்டணியை அமைத்தன. பிறகு எகோவாஸை விட்டே விலகின, 2025 ஜனவரி 29 அன்று அது நடைமுறைக்கு வந்தது. தேர்தலில் தில்லுமுல்லு செய்து மூன்றாம் முறை பதவிக்கு வந்த தலைவர்களை எகோவாஸ் கண்டுகொள்ளாமல் விட்டது, ராணுவம் வந்தால் மட்டும் கொதித்தது. அந்த ஓரவஞ்சனை மக்கள் மனதில் ஆழமாகப் பதிந்திருந்தது.

ரஷ்யா வந்த பிறகு நிலைமை மாறியதா?

மோசமாக மாறியது. ரஷ்யாவின் வாக்னர் கூலிப்படை 2021 டிசம்பரில் மாலிக்கு வந்தது. நான்கு மாதத்துக்குள் மௌரா நடந்தது.

மௌரா மத்திய மாலியில் ஒரு கிராமம். 2022 மார்ச் 27, வாரச்சந்தை நாள். ஹெலிகாப்டர் தாழப் பறந்து சுட்டது, பின்னால் வந்த ஹெலிகாப்டர்களிலிருந்து மாலி வீரர்களும் 'வெள்ளையர்' என்று ஊர்மக்கள் சொன்ன ஆயுததாரிகளும் இறங்கினார்கள். ஐந்து நாள் ஊர் அடைத்துவைக்கப்பட்டது. யார் ஜிஹாதி என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்? நீண்ட தாடி. கணுக்காலுக்கு மேல் நிற்கும் கால்சட்டை. தோளில் தழும்பு, துப்பாக்கி சுமந்ததன் அடையாளமாம். பயத்தை முகத்தில் காட்டியவர்களும் தனியே நிறுத்தப்பட்டார்கள். சுமை தூக்கும் யாருக்கும் தோளில் தழும்பு இருக்கும், துப்பாக்கி முன் நிற்கும் யாருக்கும் பயம் இருக்கும். ஐநா மனித உரிமை அலுவலகம் 2023 மே மாதம் வெளியிட்ட அறிக்கைப்படி குறைந்தது 500 பேர் கொல்லப்பட்டார்கள். மாலி அரசு அவர்களைத் தீவிரவாதிகள் என்றே சொல்கிறது.

ராணுவ ரீதியாகப் பார்த்தாலும், 2023 நவம்பரில் கிடாலைப் பிடித்தது ஒன்றே பெரிய வெற்றி. 2024 ஜூலையில் அல்ஜீரிய எல்லையிலுள்ள தின்சவாத்தேனில் வாக்னர் படை துவாரெக் கிளர்ச்சியாளர்களிடம் பலத்த அடி வாங்கியது. செப்டம்பரில் ஜேஎன்ஐஎம் பமாகோவின் துணை ராணுவப் பள்ளியையும் விமான நிலையத்தையும் தாக்கியது. 2025 ஜூனில் வாக்னர் கிளம்புவதாக அறிவித்தது, அதன் இடத்தில் ரஷ்யப் பாதுகாப்பு அமைச்சகத்தின் 'ஆப்பிரிக்கா கோர்ப்ஸ்' நிற்கிறது. பிரான்ஸ் செய்த அதே பிழையை, கேள்வி கேட்க ஒரு நாடாளுமன்றமோ செய்தித்தாளோ இல்லாமல் ரஷ்யா செய்கிறது.

எல்லாம் யுரேனியத்துக்கும் தங்கத்துக்கும்தானே?

நைஜரின் அர்லித் சுரங்கங்களில் பிரெஞ்சு நிறுவனத்துக்கு நீண்டகால நலன் இருந்தது உண்மை. மாலியின் தங்கத்தின் மேல் ரஷ்யாவுக்குக் கண் இருப்பதும் உண்மை. ஆனால் 2013-ல் படை இறங்கிய மாலியில் யுரேனியச் சுரங்கம் இல்லை. கனிமம் ஒன்றையே காரணமாக்கினால், பழைய காலனி நாடு என்ற உரிமை மனப்பான்மை, உள்நாட்டில் தாக்குதல் நடந்துவிடுமோ என்ற அச்சம், குடியேறிகள் பற்றிய பதற்றம் எல்லாம் கண்ணில் படாமல் போய்விடும்.

குடியேறிகளுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

நைஜரின் அகாதெஸ் நகரம் சஹாராவைக் கடந்து லிபியாவுக்குப் போகும் வழியின் வாசல். ஐரோப்பிய ஒன்றியத்தின் வற்புறுத்தலோடு நைஜர் 2015-ல் ஒரு சட்டம் போட்டது. பிக்கப் வண்டியில் ஆளேற்றிச் செல்வது குற்றமானது. ஓட்டுநர், தங்குமிடம் நடத்துபவர், தண்ணீர்க் கேன் விற்பவர் எல்லோருடைய பிழைப்பும் ஒரேயடியாகப் போனது. பயணிகள் கிணறில்லாத வழிகளில் போய்ப் பாலைவனத்தில் இறந்தார்கள். ராணுவ ஆட்சி 2023 நவம்பரில் அந்தச் சட்டத்தை நீக்கியபோது அகாதெஸ் கொண்டாடியது. அதே அகாதெஸில் அமெரிக்கா பத்துக் கோடி டாலருக்கு மேல் செலவிட்டுக் கட்டிய ட்ரோன் தளமும் 2024-ல் காலியானது.

எந்த நாடாவது இதைச் சரியாகக் கையாண்டிருக்கிறதா?

மாலிக்கு மேற்கே உள்ள மௌரித்தானியா. 2005-லிருந்து அங்கும் தொடர்ந்து தாக்குதல்கள். 2007 இறுதியில் பிரெஞ்சுச் சுற்றுலாப் பயணிகள் கொல்லப்பட்டதால் 2008-ஆம் ஆண்டு டக்கார் கார்ப் பந்தயமே ரத்தானது. ஆனால் 2011-க்குப் பிறகு அங்கே பெரிய தாக்குதல் இல்லை.

அவர்கள் செய்தது பல. வீரர்களின் சம்பளத்தையும் உபகரணத்தையும் சீராக்கினார்கள். எல்லையில் நடமாடும் சிறு படைகளை நிறுத்தினார்கள். ஒட்டகப் படைக்கு உயிரூட்டினார்கள். அந்தப் படை தொலைதூர முகாம்களுக்கு மருந்து கொண்டுபோகும், கிணற்றுத் தகராறில் சமரசம் பேசும், திரும்பும்போது தகவலோடு வரும். 2010-ல் சிறையிலிருந்த ஜிஹாதிகளோடு மார்க்க அறிஞர்கள் உட்கார்ந்து வாதிட்டார்கள், பெரும்பாலோர் மனம் மாறி விடுதலையானார்கள். அல்காய்தாவோடு ரகசிய உடன்பாடு இருந்தது என்றொரு குற்றச்சாட்டும் உண்டு, அரசு மறுக்கிறது. மக்கள்தொகை குறைவு என்பதும் அவர்களுக்குச் சாதகம். அப்படியே மற்ற நாடுகளில் நட்டுவிட முடியாது. ஆனால் வெளிநாட்டுப் படை முன்னால் நிற்காமல், தன் ஆட்களைத் தன் மக்களிடம் அனுப்பிய நாடு இந்தப் பகுதியில் இதுதான்.

பயங்கரவாதிகளோடு பேசலாமா?

மாலி மக்கள் 2017 தேசிய மாநாட்டிலேயே அக் காலியோடும் கூஃபாவோடும் பேச வேண்டும் என்று கேட்டார்கள். இருவரும் மாலிக்காரர்கள். பாரிஸ் கூடாது என்றது. அப்போதைய மாலி அதிபர் இப்ராஹிம் பூபக்கர் கெய்தா 2020 பிப்ரவரியில் தொடர்பு இருப்பதை ஒப்புக்கொண்டார், ஆகஸ்டில் பதவி இழந்தார். அதே ஆண்டு அக்டோபரில், எதிர்க்கட்சித் தலைவர் சுமைலா சிசேவையும் ஒரு பிரெஞ்சு மூதாட்டியையும் மீட்க சுமார் 200 கைதிகள் விடுவிக்கப்பட்டார்கள். ஆக, ஆள் மீட்கப் பேச முடிந்தது, போரை நிறுத்தப் பேசத்தான் முடியவில்லை.

என் கருத்து: பேச வேண்டும், ஆனால் பேச்சின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். கிராம அளவில் பல உடன்பாடுகள் நடந்தன. ஊர் முற்றுகை விலகியது, வயலுக்குப் போக முடிந்தது, பதிலுக்குப் பெண்கள் முக்காடிட வேண்டும், பள்ளி மூட வேண்டும். பசியில் இருந்த ஊர்கள் தனியாகப் பேரம் பேசியதால் கிடைத்த நிபந்தனைகள் அவை. பின்னால் ஓர் அரசு நின்றிருந்தால் அந்தப் பெண்களுக்காகவும் பேசியிருக்க முடியும்.

வடக்கே இருக்கும் அல்ஜீரியாவின் பங்கு என்ன?

2015-ல் துவாரெக் குழுக்களோடு மாலி செய்த அமைதி ஒப்பந்தத்துக்கு நடுவர் அல்ஜீரியாதான். மாலி அதை 2024 ஜனவரியில் கிழித்துப்போட்டது. 2025 ஏப்ரலில் தின்சவாத்தேன் அருகே மாலியின் ட்ரோன் ஒன்றை அல்ஜீரியா சுட்டு வீழ்த்தியது, தூதர்கள் திரும்பினார்கள். வருங்காலத்தில் சமரசம் வருமானால் அல்ஜீரியா இல்லாமல் வராது.

பமாகோ வீழ்ந்துவிடுமா?

2025 செப்டம்பரில் ஜேஎன்ஐஎம் புதிய வழியைக் கையிலெடுத்தது. கடலில்லாத மாலிக்கு எரிபொருள் வருவது செனகலிலிருந்தும் ஐவரி கோஸ்ட்டிலிருந்தும் டேங்கர் லாரிகளில். அந்த லாரிகளை வழிமறித்துக் கொளுத்தினார்கள். பமாகோவில் பெட்ரோல் பங்குகளில் மோட்டார் சைக்கிள்கள் இரவெல்லாம் வரிசையில் நின்றன, அக்டோபர் இறுதியில் பள்ளிகள் இரண்டு வாரம் மூடப்பட்டன. பல வெளிநாடுகள் தங்கள் குடிமக்களைக் கிளம்பச் சொன்னதே அவை செய்த அவசர நடவடிக்கை.

நகரைப் பிடித்து ஆள்வதைவிட, நகரம் தங்களிடம் வந்து பேரம் பேசும்படி செய்வதே அவர்களின் கணக்கு என்று எனக்குப் படுகிறது. பேருந்தில் போகும் பெண்கள் முக்காடிட வேண்டும் என்று அவர்கள் விதித்ததும், அதற்குப் பணிந்த பேருந்துகள் மட்டும் சாலையில் ஓட முடிந்ததும் அந்தக் கணக்கின் தொடக்கம்.

இந்தியர்கள் கடத்தப்பட்டது ஏன்?

2025 ஜூலையில் மேற்கு மாலியின் காயெஸில் ஒரு சிமெண்ட் ஆலையிலிருந்து மூன்று இந்தியர்கள் கடத்தப்பட்டார்கள். நவம்பரில் கொப்ரி அருகே மின்மயமாக்கல் பணியில் இருந்த ஐந்து பேர் கடத்தப்பட்டார்கள், அவர்கள் தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள். இதில் மதமோ இந்தியாவின் கொள்கையோ காரணமில்லை. ஆலையும் கட்டுமானமும் நடந்தால் அரசுக்கு வருமானமும் மதிப்பும் கிடைக்கும், அதை நிறுத்த வெளிநாட்டுத் தொழிலாளியைத் தூக்குகிறார்கள். பிணைத்தொகை கூடுதல் லாபம். பிணைத்தொகை தரக் கூடாது என்று 2014-ல் பாதுகாப்பு அவை தீர்மானமே போட்டது, அதற்கு முன்னும் பின்னும் அரசுகள் சத்தமில்லாமல் கொடுத்து வந்தன. கடத்தப்பட்டவரின் தாயிடம் கொடுக்காதே என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் மின்கம்பம் நடப் போகிறவருக்கு, அந்தச் சாலை யார் கையில் இருக்கிறது என்று கிளம்புமுன் சொல்லும் கடமை அனுப்பும் நிறுவனத்துக்கும் அரசுக்கும் உண்டு. பயண எச்சரிக்கை இணையதளத்தில் இருந்தால் போதாது, ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் மேசையில் இருக்க வேண்டும்.

அண்டை நாடுகளுக்கும் பரவுமா?

பரவிவிட்டது. பெனினின் வடக்கு எல்லைக் காடுகளில் 2025 ஏப்ரலில் ஒரே நாளில் 54 வீரர்கள் இறந்தார்கள். டோகோவின் வடக்கும் தாக்கப்படுகிறது. ஐவரி கோஸ்ட் 2020-ல் கஃபோலோவில் அடி வாங்கியதும் படையோடு நில்லாமல் வடக்கில் சாலை, மின்சாரம், இளைஞர் வேலை என்று பணத்தை இறக்கியது. இப்போதைக்கு அங்கே தாக்குதல் அடங்கியிருக்கிறது. தூதரகங்கள் ஊன்றிப் பார்க்க வேண்டிய இடம் அந்த வடக்கு ஐவரி கோஸ்ட்தான்: புர்கினா ஃபாசோவிலிருந்து அடைக்கலம் தேடி ஆயிரக்கணக்கில் வந்திருக்கும் ஃபுலானி குடும்பங்களை அங்குள்ள போலீஸ் எப்படி நடத்துகிறது, அவர்களின் மாடுகளுக்கு மேய்ச்சல் இடம் கொடுத்தது யார், தகராறு வந்தால் அவர்கள் யாரிடம் போகிறார்கள் என்பதை.